நெகட்டிவ் கவருக்குள் இருக்கும் தெரு

பழைய ஆல்பத்தைத் திறந்து, ஒரு பிரிண்டை செல்போனில் படம் பிடித்து, "அந்தக் கால மவுண்ட் ரோடு" என்று பதிவு போட இரண்டு நிமிடம் போதும். அந்தப் படம் எந்த ஆண்டு எடுத்தது, எந்தத் திருப்பத்தில் நின்று எடுத்தது, ஓரத்தில் என்னென்ன இருந்தது என்று தேடிப் பிடிப்பது வேறு வேலை. 1960களிலிருந்து 90கள் வரை தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எடுத்துக் குவித்த தெருப் படங்களையும் சுற்றுலாப் படங்களையும் அப்படித் திரும்பப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இது எழுதப்பட்டிருக்கிறது.

பிரிண்டிலிருந்து தொடங்காதீர்கள். பிரிண்ட் என்பது அன்றைக்கு லேபில் இருந்தவர் பார்த்துக் கொடுத்தது. இருட்டான இடத்தை எவ்வளவு தூக்குவது, வானத்தை எவ்வளவு வெளுக்க விடுவது, எந்த ஓரத்தை வெட்டுவது எல்லாம் அவர் முடிவு. 35 மி.மீ. நெகட்டிவை 3½க்கு 5 அங்குலத் தாளில் போட்டால் நீளப் பக்கத்தில் கொஞ்சம்தான் போகும். ஆனால் 120 என்ற அகல ஃபிலிம் ரோலில் 6க்கு 6 செ.மீ. சதுரமாக எடுத்ததை அதே தாளில் நிரப்பிப் போட்டிருந்தால் படத்தில் சுமார் 30 சதவீதம் தாளுக்கே வந்திருக்காது. ஆண்டைச் சொல்லக்கூடிய கடைப் பலகையும் சுவரொட்டியும் பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட ஓரத்தில்தான் இருக்கும். ஆகவே முதலில் நெகட்டிவைத் தேடுங்கள். ஆல்பத்தின் பின்னட்டைப் பை, ஸ்டூடியோ கவர், பத்திரம் வைத்திருக்கும் டிரங்குப் பெட்டி, இந்த மூன்று இடத்தையும் பார்க்காமல் "நெகட்டிவ் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

கவரைத் திறந்ததும் முதல் வேலை: முகருங்கள்

காடி வாடை அடித்தால் அசிட்டேட் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அடித்தளம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்துகிறது, பக்கத்து ஃபிலிம்களையும் பிடித்துக்கொள்கிறது. வாடை அடிக்கும் கவரை அன்றே தனியாகப் பிரித்துவிடுங்கள். ஸ்கேன் வரிசையில் அதுதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் ஃபிலிம் சுருங்கி, படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பூச்சு வாய்க்கால் வாய்க்காலாக எழும்பிவிட்டால் பிறகு எந்த ஸ்கேனரிலும் தட்டையாக உட்காராது. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்காதீர்கள். வெளியேற வழியில்லாத அமிலம் அங்கேயே தங்கி இன்னும் கெடுக்கும்.

அடுத்தது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், நாகர்கோவில் மாதிரி கடலோர ஊர்களில் இது இல்லாத பெட்டி அபூர்வம். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகளாகத் தெரியும். பலர் செய்யும் பெரிய தவறு, அதைத் தண்ணீரில் கழுவுவது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மைக்கு வந்துவிடுகிறது. ஈரத் துணி பட்டால் பூஞ்சையோடு படமும் வழிந்து வந்துவிடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் மிகக் கொஞ்சம் தொட்டு, முதலில் வழுவழுப்பான பக்கத்தில், அதுவும் படம் இல்லாத முனையில் சோதித்துப் பார்த்துவிட்டுத் துடையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதச் சரக்கு வேண்டாம், மீதி 30 சதவீதம் தண்ணீர்.

வெறும் தூசு என்றால் ரப்பர் ஊதுபந்து போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி விழுந்த இடம் ஸ்கேனில் வட்டமாகத் தெரியும். விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், நைட்ரைல் கையுறை இருந்தால் நல்லது. சுருண்டிருக்கும் ஃபிலிமை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்க்கக் கூடாது. கவருக்குள் போட்டு, கனமான இரண்டு புத்தகங்களுக்கு நடுவே நான்கைந்து நாள் விடுங்கள்.

நெகட்டிவே இல்லை, பிரிண்ட் மட்டும்தான், அதுவும் பசை தடவிய பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், பிய்க்காதீர்கள். மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு அறுப்பது போல மெதுவாக நகர்த்தினால் பெரும்பாலும் வந்துவிடும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்துக்கு இதுவும் உதவாது. அதைக் கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள்.

ஓர எழுத்தைப் படியுங்கள்

வெளிச்சத்தில் பிடித்து, படத்தைப் பார்ப்பதற்கு முன் ஃபிலிமின் விளிம்பைப் பாருங்கள். கம்பெனிப் பெயரும், ரோலில் எத்தனையாவது படம் என்று சொல்லும் கட்ட எண்ணும் அங்கே இருக்கும். கோடாக், அக்ஃபா, ஃபூஜி எல்லோருக்கும் தெரிந்தவை. ஆர்வோ கிழக்கு ஜெர்மனிச் சரக்கு, அந்தப் பெயர் வந்தது 1964இல். இந்து என்று இருந்தால் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது, அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல். துளைகளுக்குப் பக்கத்தில் பார்கோடு மாதிரிக் கோடுகள் இருந்தால் அது டிஎக்ஸ் குறியீடு, 1983க்கு முந்திய ஃபிலிமில் வராது. ஆரஞ்சு நிற அடித்தளம் உள்ளது கலர் நெகட்டிவ். 110 காட்ரிஜ் ஃபிலிமின் கட்டம் 13க்கு 17 மி.மீ.தான், அது 1972க்கு முன் கிடையாது.

கட்ட எண்களை வைத்து ரோல் முழுவதையும் மறுபடி வரிசைப்படுத்துங்கள். லேபில் நான்கு நான்காகவோ ஆறு ஆறாகவோ வெட்டி பட்டர் பேப்பர் கவரில் போட்டிருப்பார்கள். வேறு வேறு கவர்களில் சிதறியிருந்தாலும் 11-க்குப் பிறகு 12 எங்கே என்று தேடினால் சேர்ந்துவிடும். தனியாகப் பார்த்தால் ஊமையாக நிற்கும் ஒரு தெருப் படம், முன்னும் பின்னும் உள்ள கட்டங்களோடு வைத்தால் பேசத் தொடங்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். நம் வீடுகளில் ஒரு ரோல் ஒரே பயணத்தில் தீராது. பொங்கலுக்குப் போட்ட ரோல் கொடைக்கானல் போய், காதுகுத்து பார்த்து, "இன்னும் மூணு படம் பாக்கி இருக்கு" என்று தீபாவளி வரை கேமராவிலேயே கிடந்திருக்கும். அடுத்தடுத்த கட்டம் என்பதால் அடுத்தடுத்த நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்கேன்

எல்லாவற்றையும் உயர்தரத்தில் ஸ்கேன் செய்யத் தொடங்கினால் மூன்றாவது ரோலில் சலித்துவிடும். முதலில் ஒரு வெள்ளை எல்இடி பலகை மேல் பட்டைகளை வரிசையாக வைத்து செல்போனில் படமெடுத்து, நிறத்தைத் திருப்பிப் போட்டு, ரோலுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எவை வேண்டும் என்று தேர்ந்தெடுத்த பிறகு நிஜ ஸ்கேன். டேப்லெட் திரையை விளக்காகப் பயன்படுத்தினால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும். நெகட்டிவைத் திரையிலிருந்து ஐந்து செ.மீ. உயர்த்தி, நடுவில் டிரேசிங் தாள் ஒன்றை வைத்தால் போய்விடும்.

ஃபிளாட்பெட் ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதை, நம்பாதீர்கள். எப்சன் வி600-இல் 6400 என்று இருக்கும், உண்மையில் பிரித்துக் காட்டுவது சுமார் 1500 சொச்சம். 120 ரோலுக்கு அது தாராளம். 35 மி.மீ. தெருப் படத்தில் தூரத்துப் பலகையைப் படிக்க அது போதாது, பிளஸ்டெக் மாதிரி ஃபிலிம் ஸ்கேனரோ, மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவோ வேண்டும். 35 மி.மீ.யை 3200 டிபிஐயில், 16 பிட் கலர் டிஃப் கோப்பாக எடுத்தால் ஒரு படம் சுமார் 82 எம்பி, ஒரு ரோல் 3 ஜிபி அளவுக்கு வரும். பிரிண்டுகளுக்கு 600 டிபிஐ போதும். அதற்கு மேல் போனால் தாளின் நார்தான் பெரிதாகும்.

கேமராவால் எடுப்பதென்றால் இப்படி: 1:1 மேக்ரோ லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா கோப்பு, இரண்டு விநாடி டைமர். எல்இடி பலகையின் நிறத்தரம், அதாவது சிஆர்ஐ, 95க்கு மேல் இருக்கட்டும். மலிவுப் பலகைகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், ஷட்டர் 1/30க்கு மேல் வேகமாகப் போனால் படத்தில் பட்டை விழும். கேமரா நெகட்டிவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் நேர். தெரியாவிட்டால் ஒரு மூலை மங்கலாகத்தான் வரும், எத்தனை முறை ஃபோகஸ் செய்தாலும் சரி. நெகட்டிவைச் சுற்றிக் கருப்புத் தாள் வெட்டி மூடுங்கள், அறை விளக்கை அணையுங்கள்.

எமல்ஷன் பக்கம் மங்கலாக, தொட்டால் மெல்லிய மேடுபள்ளமாக இருக்கும். மறுபக்கம் பளபளப்பு. பளபளப்புப் பக்கம் கண்ணாடியில் ஒட்டினால் எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் வரும். எமல்ஷன் பக்கத்தைக் கண்ணாடிப் பக்கம் வையுங்கள், படம் இடவலம் மாறி வந்தால் பிறகு திருப்பிக்கொள்ளலாம். சரியாகத் திருப்பினோமா என்பதற்கு எழுத்து இருந்தால் கவலையில்லை. எழுத்தே இல்லாத படமென்றால் ஆண்களின் சட்டைப் பையைப் பாருங்கள், அது இடது மார்பில்தான். பஸ் ஏறும் வாசலும் இடது பக்கம்.

அகச்சிவப்பு தூசு நீக்கும் வசதியைக் கருப்பு வெள்ளைக்குப் போடவே கூடாது. அது வேலை செய்வது, கலர்ச் சாயம் அகச்சிவப்பை ஊடுருவ விடும், தூசு விடாது என்ற வித்தியாசத்தை வைத்து. கருப்பு வெள்ளையில் படமே வெள்ளி. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுப்பதால் மென்பொருள் பாட்டியின் முகத்தையே தூசு என்று நினைத்து மெழுகிவிடும். கோடாக்ரோம் ஸ்லைடிலும் இதே தொல்லை வரும்.

ரோல் முழுவதற்கும் ஒரே எக்ஸ்போஷரைப் பூட்டி வையுங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்று ஆரஞ்சுப் பட்டை கொஞ்சம் படத்தில் சேர்ந்து வரட்டும், நிறத்தைத் திருப்பும்போது அதுதான் அளவுகோல். டார்க்டேபிள் மென்பொருளில் நெகடாக்டர் என்ற பகுதி இருக்கிறது, இலவசம். அந்தப் பட்டையை அதில் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

நிறத்தில் ஒரு உள்ளூர் வம்பு உண்டு. வெள்ளையை எங்கே பிடிப்பது என்று தேடும்போது கண் உடனே வேட்டிக்குப் போகும். அதைத் தொடாதீர்கள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள், சுவரின் சுண்ணாம்பிலும் நீலம் கலந்திருப்பார்கள். அதை வெள்ளை என்று சொன்னால் படம் முழுக்க மஞ்சளடிக்கும். சிமென்ட் தரை, கருங்கல் தூண், தார் ரோட்டின் வெளுத்த ஓரம் ஆகியவை நம்பகமான சாம்பல். கோயில் மதிலின் காவிப் பட்டையைச் சிவப்புக்குச் சரிபார்க்கலாம். செம்மண் நிறத்துக்குப் பதிலாக ரோஜா நிறம் வந்தால் இன்னும் மெஜந்தா மிச்சம்.

1970களின் கலர் பிரிண்டுகள் சிவந்து போவதற்குக் காரணம், அக்காலத் தாளில் சயான் என்ற நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும்விட முந்தி மங்கியது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலிலும் தனித்தனியாகக் கருப்பு முனையையும் வெள்ளை முனையையும் சரிசெய்யுங்கள். ஒட்டுமொத்தமாக "சிவப்பைக் குறை" என்று இழுத்தால் நிழல் நீலப்பச்சையாகிவிடும்.

எந்த ஆண்டு?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது: புதிதாக வந்த பொருள் ஆண்டைப் பிடித்து நிறுத்தும், பழைய பொருள் நிறுத்தாது. படத்தில் டிவிஎஸ் 50 நிற்கிறதா, அது 1980க்கு முந்திய படம் இல்லை, முடிந்தது. அம்பாசடர் நிற்கிறதா, அதனால் ஒன்றும் தெரியாது, அது ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடிய கார். மாருதி 800 என்றால் 1983 டிசம்பருக்குப் பிறகு.

கடைப் பலகையில் எழுத்து இருந்தால் அதைத்தான் முதலில் பெரிதாக்குங்கள். 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. லை, ளை, னை, ணை நான்கும் அதற்கு முன் யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளையும் கொம்போடு இருந்தன. ணா, றா, னாவுக்குக் கால் தனியாக இல்லாமல் எழுத்தோடு சுழிந்திருக்கும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் அப்படியே. "சாலை" என்ற சொல்லில் புதிய லை இருந்தால் 1978க்குப் பிறகு என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஓரளவுதான், ஏனென்றால் பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் இந்தச் சீர்திருத்தத்தைப் புகுத்திவிட்டார், திராவிட இயக்கச் சுவரெழுத்தில் புதிய லை எப்போது வேண்டுமானாலும் வரலாம். மறுபுறம், பழைய துதிக்கை லை இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. பலகை எழுதும் ஓவியர்கள் அரசாணைக்காகக் கையை உடனே மாற்றிக்கொள்ளவில்லை, கடைக்காரரும் பெயின்ட் உதிரும் வரை பலகையை மாற்றவில்லை.

அதே பலகையின் கடைசி வரியையும் பாருங்கள். "சென்னை-2" என்று ஓரிரு இலக்க எண்ணோடு முடிந்தால் பழைய அஞ்சல் வட்ட முறை. "600 002" என்று ஆறு இலக்கம் இருந்தால் பின்கோடு, அது 1972 ஆகஸ்டுக்கு முன் இல்லை. கூரையில் டிவி ஆன்டெனா தெரிந்தால், சென்னையில் 1975க்குப் பிறகு.

சுவரெழுத்துதான் இதில் தங்கச் சுரங்கம். காங்கிரஸுக்கு இரட்டைக் காளை என்றால் 1969 பிளவுக்கு முன். பசுவும் கன்றும் என்றால் 1971லிருந்து 77 வரையிலான தேர்தல்கள். கை என்றால் 1978க்குப் பிறகு. ராட்டை சுற்றும் பெண் 1971இல் காமராஜர் பக்கத்துக் காங்கிரஸின் சின்னம். இரட்டை இலை அண்ணா திமுகவுக்காகச் சுவரேறியது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். எல்லாவற்றையும்விடக் கூர்மையானது சேவலும் இரட்டைப் புறாவும். எம்ஜிஆர் மறைவுக்குப் பின் கட்சி உடைந்து இலை முடக்கப்பட்டபோது ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி புறாவிலும் நின்றன. தேர்தல் 1989 ஜனவரி 21. சேவல் பளிச்சென்று இருந்தால் அந்த மாதங்களேதான். மேலே சுண்ணாம்பு அடித்து மங்கலாகத் தெரிந்தால் அதற்குப் பிறகு.

சினிமாச் சுவரொட்டியை வைத்து வாரக் கணக்குக்கே போகலாம். படத்தின் வெளியீட்டுத் தேதியைக் கண்டுபிடித்து, சுவரொட்டியில் "50-வது நாள்" என்று இருந்தால் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தியேட்டர் பெயரைப் படிக்காமல் இதைச் செய்யாதீர்கள். ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸுக்குப் படம் வந்து சேர ஓராண்டும் ஆகும், எம்ஜிஆர் படங்கள் பத்தாண்டு கழித்தும் புதுப்படம் மாதிரி ஓடும். தினசரி விளம்பரங்களோடு ஒப்பிடச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

வண்டி எண்ணும் பஸ் பெயரும் அடுத்து. மூன்று எழுத்தும் நான்கு இலக்கமுமாக இருப்பது பழைய முறை. டிஎன் 01 என்று மாவட்ட அலுவலக எண்ணோடு தொடங்குவது 1989இல் வந்தது. பஸ்ஸில் பல்லவன் என்று இருந்தால் 1972க்கும் 97க்கும் இடையில், திருவள்ளுவர் என்றால் 1975க்கும் 97க்கும் இடையில், ஏனென்றால் 1997இல் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர், மன்னர் பெயர்களை எடுத்துவிட்டார்கள். தண்டவாளத்தில் டிராம் தெரிகிறதா, சென்னையில் அது 1953இலேயே நின்றுவிட்டது.

இப்போது சேர்த்துப் பார்ப்போம். ஒரு தெருமுனை: பல்லவன் பஸ், மூன்றெழுத்து எண் கொண்ட ஸ்கூட்டர், சுவர் ஓரமாக டிவிஎஸ் 50, மருந்துக் கடைப் பலகையில் துதிக்கை லை, எதிர்ச் சுவரில் பாதி அழிந்த சேவல். பலகையை மட்டும் பார்த்தவர் 1970கள் என்பார். பஸ் 1972–97 என்கிறது, டிவிஎஸ் 1980க்கு மேல் என்கிறது, சேவல் 1989க்குத் தள்ளுகிறது. ஸ்கூட்டர் எண் எதையும் மாற்றாது, பழைய வண்டி பழைய எண்ணோடுதானே ஓடும். ஆக 1989, பெரும்பாலும் தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து. இப்படி ஒவ்வொரு சாட்சிக்கும் "இதற்கு முன் இல்லை", "இதற்குப் பின் இல்லை" என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். மனதுக்குள் கணக்குப் போட்டால் பிடித்த ஆண்டுதான் ஜெயிக்கும்.

சென்னையின் இடங்களில் சில நல்ல எல்லைக் கற்கள்: எல்ஐசி கட்டடம் 1959, மெரினாவில் உழைப்பாளர் சிலை அதே 1959, உலகத் தமிழ் மாநாட்டுக்காகக் கடற்கரையில் வரிசையாக வைத்த சிலைகள் 1968, ஜெமினி மேம்பாலம் 1973. மூர் மார்க்கெட் எரிந்தது 1985. மெரினாவில் கண்ணகி சிலை இல்லாத பீடம் மட்டும் தெரிந்தால் 1968க்கு முன் என்று அவசரப்பட வேண்டாம், 2001 டிசம்பரில் அகற்றி 2006இல்தான் திரும்ப வைத்தார்கள். தெற்கே பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர்.

கேமரா போட்ட ஆரஞ்சு நிறத் தேதியை நம்புவதற்கு முன் அதே ரோலின் மற்ற கட்டங்களையும் பாருங்கள். பேட்டரி மாற்றியபின் யாரும் தேதியைத் திருத்தியிருக்க மாட்டார்கள். பிரிண்டின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை சொல்வது பிரிண்ட் போட்ட நாளை, கோடாக்ரோம் ஸ்லைடு அட்டையில் அச்சிட்ட மாதம் சொல்வது கழுவிய மாதத்தை. இரண்டுமே படமெடுத்த நாள் அல்ல.

மாதத்தையும் மணியையும் நிழல் சொல்லும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். நண்பகல் நிழல் தெற்கே விழுந்திருந்தால், வடக்குப் பார்த்த சுவரில் வெயில் அடித்திருந்தால், அது கோடை விடுமுறைப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். நேர் கம்பத்தின் நிழல் கம்பத்தின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 டிகிரியில். தெருவின் திசையும் தெரிந்தால், சூரியன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக் காட்டும் சன்கால்க் இணையதளத்தில் மணியைப் பிடித்துவிடலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது "இது எந்த வருஷம் அத்தை?" என்று தொடங்காதீர்கள். ஏதோ ஒரு ஆண்டைச் சொல்லிவிட்டு அதிலேயே நிற்பார்கள். "இடுப்புல இருக்கிறது யாரு? அப்ப நடந்துட்டானா?" என்று கேளுங்கள். குழந்தையின் பிறந்த தேதி உங்களிடம் இருக்கிறது.

நின்ற இடம்

அதே இடத்தில் நின்று இன்று எடுக்க வேண்டுமென்றால் லென்ஸைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் கால் நிற்கும் இடம். ஒரே இடத்திலிருந்து எந்த லென்ஸில் எடுத்தாலும் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம், தவறான இடத்திலிருந்து எடுத்ததை எந்த லென்ஸும் காப்பாற்றாது.

கன்னியாகுமரியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் வீட்டு ஆல்பங்களில் அதிகம் இருக்கும் ஊர்களில் அது ஒன்று. பாறையில் மண்டபமே இல்லையென்றால் 1970க்கு முன், விவேகானந்தர் மண்டபம் மட்டும் இருந்தால் 1970க்குப் பின், வள்ளுவர் சிலை முழுதாக நின்றால் 2000 ஜனவரி 1க்குப் பின். இதற்குமேல் இடம். கரையோரம் நடக்கும்போது இரண்டு பாறைகளுக்கும் இடையே தெரியும் கடல் அகலமாகும் அல்லது குறுகும். பழைய படத்தில் உள்ள அதே அகலம் வரும் வரை நடங்கள். அந்தக் கணத்தில் நீங்கள் சரியான கோட்டின் மேல் நிற்கிறீர்கள், ஆனால் முன்னே பின்னே எங்கே என்பது இன்னும் தெரியாது. இப்போது பக்கத்தில் உள்ள ஒன்றை, பதினாறுகால் மண்டபத்தின் ஒரு தூணை, தூரத்துப் பாறையின் விளிம்போடு பொருத்திப் பாருங்கள். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் புள்ளிதான் அன்று கேமரா இருந்த இடம்.

பக்கத்துப் பொருள் எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு துல்லியம். 50 மி.மீ. லென்ஸில் 5 மீட்டர் தூரத்தில் உள்ள தூண், நீங்கள் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்ந்தால் தூரத்துப் பாறையை ஒப்பிட்டு நெகட்டிவில் 1 மி.மீ. நகரும். பெரிதாக்கிப் பார்த்தால் அது கண்ணில் குத்தும். ஆகவே மலையையும் கோபுரத்தையும் வைத்து மட்டும் பொருத்தாதீர்கள். படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், கருங்கல் தூண் எவை இடிபடாமல் இருக்கின்றன என்று பாருங்கள். ஊர்களில் கடை மாறும், மாடி ஏறும், ரோடு உயரும். கோயில் குளத்துப் படி அப்படியே இருக்கும்.

உயரத்துக்கு அடிவானம் உதவும். சமதரையில் அடிவானக் கோடு எல்லாப் பொருளையும் கேமராவின் உயரத்தில் வெட்டும். நிற்பவர்களின் கண்ணை வெட்டினால் கேமராவைக் கண்ணில் வைத்து எடுத்தது. மார்பையோ இடுப்பையோ வெட்டினால் மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டிக் கேமரா அல்லது இரட்டை லென்ஸ் கேமரா, நீங்களும் போனை அந்த உயரத்துக்கு இறக்குங்கள். போனின் முதன்மை லென்ஸ் 24லிருந்து 26 மி.மீ. பார்வை, பழைய 50 மி.மீ.க்கு இரட்டிப்பு ஜூம் சரியாக வரும். 6க்கு 6இல் 80 மி.மீ. லென்ஸ் என்றால் 35 மி.மீ. கணக்கில் ஏறக்குறைய 44.

பழைய படத்தை ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோவது, வெயிலில் போன் திரையில் மேலடுக்கு வைத்துப் பார்ப்பதைவிட வசதி. தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும், கையில் பிடித்தே எடுக்கும்படி திட்டமிடுங்கள். கடைசியாக நிழல் பொருந்தும் மாதத்தில், அதே மணியில் போனால் சுவரின் செதுக்கல்கூட ஒன்றுபோல் தெரியும்.

திரும்ப உள்ளே வைக்கும்போது

பழைய பிவிசி உறைகளைத் தூக்கிப் போடுங்கள். அவை கசிந்து ஃபிலிமில் ஒட்டும். பாலிபுரோபிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணும் வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்டால் நிறம் மாறியதும் வறுத்து மாற்ற ஆள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போடாமலிருப்பதே மேல், ஈரம் குடித்த ஜெல் ஈரத்தை அங்கேயே வைத்திருக்கும்.

கோப்புப் பெயரில் ஆண்டு, ரோல், கட்டம் மூன்றும் வரட்டும்: "1989-ரோல்07-12" போதும். ஆண்டு உறுதியில்லை என்றால் "சுமார்" என்று பெயரிலேயே போடுங்கள். போடாவிட்டால் நீங்கள் ஊகித்த 1989, மூன்று பேருக்குப் பகிர்ந்ததும் உண்மையாகிவிடும். எந்தச் சாட்சியை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதை, படக் கோப்புக்குள்ளேயே தங்கும் ஐபிடிசி குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்: "எதிர்ச் சுவரில் சேவல், மங்கல்." நெகட்டிவ் உறையின் மேல் அதே எண்ணைப் பென்சிலால், நெகட்டிவை உள்ளே போடுவதற்கு முன் எழுதுங்கள். போட்ட பிறகு எழுதினால் பென்சில் முனையின் அழுத்தம் எமல்ஷனில் பதியும்.